அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அரப்பு டப்பா

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே, அண்ணன்மாரே, எல்லோருக்கும் வணக்கம். தோலையும் முடியையும் சிக்கனமாகக் காப்பது அடுக்களையா, கடை அலமாரியா என்பது இன்றைய தலைப்பு. நான் அடுக்களையின் பக்கம்.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். 2 ரூபாய்க்கு ஷாம்பூ பாக்கெட் தொங்கும்போது இடித்துச் சலித்துக் கொண்டிருக்க யாருக்கு நேரம் என்று கேட்டார். இயற்கை என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடுமா, எலுமிச்சம்பழம் தேய்த்து முகம் கறுத்துப்போன பெண்ணை எனக்கே தெரியும் என்றார். கடைச் சாமானுக்குப் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறது, பாட்டி வைத்தியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் கேட்டார். நியாயமான கேள்விகள்தான், அதனால் ஒன்றைக்கூட நழுவவிடாமல் பதில் சொல்கிறேன்.

நான் பவானிக்காரி. எங்கள் பக்கம் தலைக்குக் குளிப்பது என்றால் அரப்பு. தெற்கே உசில் என்பார்கள், உசிலம்பட்டியின் பெயரில் நிற்கிற அதே உசிலை மரத்தின் இலைதான், காயவைத்துத் தூளாக்கியது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் சோறு வடித்ததும் எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, அந்தக் கஞ்சியைக் கொட்டமாட்டார். கிண்ணத்தில் ஊற்றி, வெதுவெதுப்புக்கு ஆறியதும் மூன்று கரண்டி அரப்பைப் போட்டு விரலாலேயே கலக்குவார், கட்டிகள் ஒவ்வொன்றாக உடைந்து கரும்பச்சையாகக் கொழகொழவென்று ஒரு விழுது திரண்டு வரும், ஈர இலையும் சோற்றுக் கஞ்சியும் சேர்ந்த அந்த வாசனை வாசல் வரைக்கும் வரும். எனக்கோ தலையில் எண்ணெய் ஊறி அரை மணி நேரம் ஆகியிருக்கும். "கண்ணை இறுக்கி மூடிக்கோ சாமி" என்பார். மூடாவிட்டால் எரியும். நுரை வராது, வகிட்டில் துகள் தங்கும், நாலு சொம்பு தண்ணீர் கூடுதலாகத்தான் வேண்டும், இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்குப் போய்விடும், முடி மட்டும் வறண்டு நிற்காது. இதைக் கலக்க அமுச்சிக்கு ஆன நேரம் ரெண்டு நிமிடம். எதிரணி சொல்லும் அந்த இடிப்பும் சலிப்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற வேலை, அதையும் இன்று மில்லே செய்துவிடுகிறது.

சரி, பாக்கெட் கதைக்கு வருவோம். அதை நான் மட்டமாகப் பேசமாட்டேன், ஏனென்றால் அது நம் கடலூரில் பிறந்த யோசனை. பணக்காரர் வாங்குவதைக் கூலி வேலை செய்கிறவரும் வாங்க முடியவேண்டும் என்று சின்னி கிருஷ்ணன் பொட்டலம் போட்டார், அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தொழிலைத் தொடங்கி சிக் ஷாம்பூவை ஊர் ஊராகக் கொண்டுபோனார். நல்ல நோக்கம். ஆனால் என் வீட்டில் நாலு பேர். எனக்கும் மகளுக்கும் இடுப்பு வரை முடி, ஆளுக்கு ரெண்டு பாக்கெட், ஆண்கள் ரெண்டு பேருக்கும் ஒவ்வொன்று, வாரத்துக்கு ரெண்டு தடவை. மாதம் 100 ரூபாய் தலையை அலசுவதற்கு மட்டுமே போய்விடுகிறது. அதற்கு மேல் கண்டிஷனர், ஃபேஸ் வாஷ், சீரம் என்று அலமாரி நீண்டுகொண்டே போகும். காலியான உறைகள் எங்கே போகின்றன என்று பார்க்க ஆசைப்பட்டால் காலிங்கராயன் வாய்க்கால் படித்துறைக்கு வாருங்கள். காலை வைத்தால் ஒட்டும்.

இப்போது என் கணக்கு. அரைக் கிலோ பாசிப்பயறு, 100 கிராம் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் மூன்றும் 50 கிராம் வீதம், கொஞ்சம் வெட்டிவேர். நாட்டுமருந்துக் கடையில் வாங்கி ரெண்டு நாள் மொறுமொறுவென்று காயவைத்து அரைத்தேன், அரைக்கூலியோடு 300 ரூபாய்க்குள் முடிந்தது, முக்கால் கிலோ தேறியது. முகத்துக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன், சுமார் 3 கிராம். அப்படியென்றால் 250 தடவை வரும், ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாய்கூட ஆகாது. நாங்கள் அக்கா தங்கை மூன்று பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டுப் பிரித்துக்கொள்கிறோம், கிட்டத்தட்ட மூன்று மாதம் வருகிறது. உடம்பு முழுக்க இதையே பூசினால் சாதாரண சோப்பைவிடச் செலவு கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன், அதனால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். அப்புறம் ஒரு விஷயம், மில்லில் சீயக்காய்க்குத் தனி மெஷின் இருக்கும், அதில்தான் போடச் சொல்லுங்கள், மிளகாய் அரைத்ததில் போட்டால் முகம் காந்தும்.

இந்தப் பொடி ஏன் கெடுவதில்லை? தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. கடைக் க்ரீமில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும், அதனால் அதற்குக் கெடாமல் காக்கும் ரசாயனம் கட்டாயம் வேண்டும். நம் பொடியில் ஈரக் கரண்டி படாமல் இருந்தால் போதும். குழைத்ததை மட்டும் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், நாளைக்கு ஆகட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

எலுமிச்சைக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் சொன்னது முழுக்க உண்மை. எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் அந்த இடம் வெந்து கறுத்துப்போகும், தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று அது. ஆப்ப சோடாவும் அப்படித்தான், தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, சோடா காரம், தேய்த்தால் தோலின் காவலே போய்விடும். ஆனால் எங்கள் அமுச்சி எலுமிச்சையை முகத்தில் தேய்த்து நான் பார்த்ததே இல்லை, ஆப்ப சோடா ஆப்பத்துக்கு மட்டும்தான் போனது. இவை ரெண்டும் கைபேசியில் முப்பது விநாடி வீடியோ பார்த்து வந்த பழக்கம், அதன் பழியை அஞ்சறைப் பெட்டி மேல் போடுவது நியாயமில்லை. கற்றாழையை எடுத்துக்கொள்ளுங்கள். மடலை அறுத்ததும் கவிழ்த்து நிறுத்தி அந்த மஞ்சள் பாலை வடியவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் அலசிவிட்டுத்தான் தொடவேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள், ஏனென்றால் அந்தப் பால் பட்டால் அரிக்கும். எச்சரிக்கையும் சேர்த்துத்தான் கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

விஞ்ஞானம் கேட்டார். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் இருக்கிறது, அதுதான் அழுக்கையும் எண்ணெயையும் பிரித்தெடுக்கிறது. ஊறவைத்து அரைத்த வெந்தயத்தின் கொழகொழப்பு முடி மேல் மெல்லியதாகப் படிந்து சிக்கைக் குறைக்கிறது, கண்டிஷனர் வேலையும் அதுதானே. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளியானது, முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது, அதிலிருக்கும் லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே நுழைகிறது என்பது காரணம். அதைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த எண்ணெய்தான் நம் அடுப்பங்கரையிலும் இருக்கிறது.

அடுக்களையால் முடியாததும் உண்டு. பொடுகை உண்டாக்கும் பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வளரும், அதனால் பொடுகு இருப்பவர்கள் ராத்திரி முழுக்க எண்ணெயோடு படுக்கக் கூடாது. வெயிலைத் தடுக்கும் சன்ஸ்க்ரீனை அடுப்பில் காய்ச்சவே முடியாது. கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தால், சொட்டை விழுந்தால், செதில் செதிலாகத் தோல் உரிந்தால் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள், செம்பருத்தியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

நடுவர் அவர்களே, கடைசியாக ஒன்று. கல்லூரியில் படிக்கும்போது, விடுதிக்குப் பக்கத்துக் கடையில் ஒரு க்ரீம் வாங்கினேன். என்ன சேர்த்திருக்கிறது என்று டப்பாவில் ஒரு எழுத்துகூட இல்லை. ரெண்டு வாரத்தில் முகம் வெளுத்தது, நானும் சந்தோஷப்பட்டேன். நிறுத்திய நாலாம் நாள் கன்னம் ரெண்டும் சிவந்து, தண்ணீர் பட்டாலே தீப்பட்ட மாதிரி எரிந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார், முகம் பழைய நிலைக்கு வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் கண்ணாடி பார்க்காமல்தான் தலை வாரினேன். ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்த சிவப்பழகு க்ரீம்கள் இன்றும் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, பாதரசம் தோலோடு நிற்காமல் சிறுநீரகம் வரை போகும். 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி என்று வந்த க்ரீம் 2020-இல்தான் ஃபேர் என்ற சொல்லையே விட்டது. நாற்பத்தைந்து வருடம், எத்தனை கருத்த பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பார்த்துக் குறுகியிருப்பார்கள்! கடலைமாவு பூசினால் வெள்ளையாகிவிடலாம் என்று நம் பக்கத்தில் யாராவது சொன்னால் அதுவும் அதே பொய்தான். அமுச்சி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அரப்பு போட்டு, முகத்துக்கு மாவு பூசி, ஈரத்தோடு திண்ணையில் உட்கார்த்தி வைத்து என் கன்னத்தைப் புறங்கையால் தடவி, "மெத்துனு இருக்குது பாரு" என்பார், அவ்வளவுதான்.

எதிரணியில் மூன்றாவதாகப் பேசிய தங்கை, எந்த ஷாம்பூ போட்டாலும் தலை அரிக்கிறது, அதனால்தான் விலை கூடிய ஒன்றுக்குப் போனேன் என்று சொன்னார். அவருக்காக ஒரு டப்பா அரப்பு கொண்டுவந்திருக்கிறேன். இன்றைக்கே தலையில் போட்டுவிட வேண்டாம் கண்ணு, முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார், அரித்தால் விட்டுவிடு, அரிக்காவிட்டால் கஞ்சியில் கரைத்துக்கொள். கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொள். வணக்கம்.