நடுவில் கூப்பிடாதீர்கள்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

மீத்திறன் குழந்தை, அதாவது வயதை மிஞ்சிய திறமை உள்ள குழந்தை என்றதும் நாம் மார்க்கைத்தான் பார்க்கிறோம். எந்த வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தது, எத்தனை வாய்ப்பாடு சொல்கிறது என்று கேட்கிறோம். அமெரிக்க உளவியலாளர் எலன் வின்னர் இந்தக் குழந்தைகளுக்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார். சின்ன வயதிலேயே ஒரு துறையில் முந்திவிடுவது ஒன்று. யாராவது சொல்லித் தரட்டும் என்று காத்திராமல் தன் வழியிலேயே கற்பது இன்னொன்று. மூன்றாவது, ஒன்றைப் பிடித்தால் அது கைவசமாகும்வரை விடாத வெறி. முதல் இரண்டையும் மெச்சுகிற நாம், மூன்றாவதைப் பிடிவாதம் என்று திட்டுகிறோம். நான் பேச வந்தது அந்த மூன்றாவதைப் பற்றித்தான்.

1907-ல் ரோம் நகரில், சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி துளையிட்ட மரக்கட்டையில் வெவ்வேறு அளவு உருளைகளை அதனதன் துளையில் பொருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் வெளியே எடுப்பாள், கலைப்பாள், மறுபடி ஒவ்வொன்றாகப் பொருத்துவாள். மாண்டிசோரி எண்ண ஆரம்பித்தார். மற்ற பிள்ளைகளை அவளைச் சுற்றிப் பாடச் சொன்னார். அவள் நிமிரவே இல்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். தூக்கும்போது அவள் உருளைகளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள், மேலே போனதும் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, அப்புறம் தானாகவே நிறுத்தினாள். களைப்பே இல்லை. முகம் மலர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தாள்.

அந்தக் கட்டையைக் கவனியுங்கள். ஓர் உருளையைத் தப்பான துளையில் போட்டால், கடைசியில் ஒன்று இடமில்லாமல் மிஞ்சும். ‘தப்பு’ என்று சொல்ல ஆள் வேண்டாம், வேலையே சொல்லிவிடும். குழந்தை ஆழ்ந்துபோவதற்கு இது முக்கியம். இன்னொன்று, கஷ்டம் அளவாக இருக்க வேண்டும். ரொம்ப எளிது என்றால் சலிப்பு, எட்டாத உயரம் என்றால் பயம். மீத்திறன் குழந்தைக்கு வகுப்புப் பாடம் பெரும்பாலும் ரொம்ப எளிது. அதனால்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

‘செல்போனிலும்தான் மூழ்கிக் கிடக்கிறான்’ என்பீர்கள். அங்கே அடுத்தது தானாக வந்துகொண்டே இருக்கும், அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கணக்கிலோ வயலினிலோ அடுத்த அடியை அவனேதான் எடுத்து வைக்க வேண்டும்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜன் கையில், பதினைந்து பதினாறு வயதில், ஜார்ஜ் கார் தொகுத்த கணிதப் புத்தகம் கிடைத்தது. பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்தவர் தொகுத்த நூல் அது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருக்கும், நிரூபணம் பலவற்றுக்கு இருக்காது அல்லது ஒரு குறிப்போடு நின்றுவிடும். வேறொரு மாணவனுக்கு அது குறை. இவருக்கு ஒவ்வொரு வரியும் ஒரு புதிர். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாததால் சிலேட்டில் போட்டார், முழங்கையால் அழித்தார், விடையை மட்டும் நோட்டில் எழுதினார்.

1904-ல் பள்ளியை முடித்தபோது பரிசு கிடைத்தது, கல்லூரி உதவித்தொகையும் கிடைத்தது. கணிதத்தைத் தவிர எதிலும் மனம் செல்லாததால் அந்த உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பி.ஏ.வுக்கு முந்தைய அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையான எஃப்.ஏ. தேறவில்லை.

மேதை என்றால் அப்படித்தான், பரீட்சையில் தோற்பார் என்று இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் கணிதம் வளர்ந்தது ஃபெயில் ஆனதால் அல்ல. வேலை தேடி அலைந்தார், உடம்பு கெட்டது. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதிமுறை வளையும் என்பதற்கு அதுவே சாட்சி. சில வருஷம் முன்பே வளைந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சரி, மற்றப் பாடங்களை விட்டுவிடலாமா? கூடாது. தேறுகிற அளவுக்குப் படிக்க வையுங்கள், அதற்கென்று தனி நேரம் வையுங்கள். ஆனால் ‘இங்கிலீஷ் முடிக்காவிட்டால் செஸ் போர்டைப் பூட்டி வைத்துவிடுவேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது பாராட்டுவதற்காகக்கூடக் குறுக்கே போக வேண்டாம். அது தலை நிமிர்ந்த பிறகு என்ன செய்தாய் என்று கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள். அடுத்த படிக்கு உங்களிடம் பதில் இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் அழைத்துப் போங்கள்.

டைம்டேபிள் போடுகிற தலைமையாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு பீரியடைச் சேர்த்து, நடுவில் பெல் இல்லாமல், பிள்ளைகள் தாங்களே எடுத்துக்கொண்ட வேலைக்கு விடுங்கள். வருகிற ஜூனிலேயே தொடங்கலாம்.