கைநாட்டு வைத்தவர் யார்?

நடுவர் அவர்களே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் தேடி அலைந்த களைப்பிலும் முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். "அரசுக்கு அதிகாரம் தந்தது மக்களின் ஒப்பந்தமா, ஆள்வோரின் பலமா?" இதுதான் தலைப்பு. பலமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அழகாகப் பேசினார். சாலையில் போகிறாய், ஐ.சி. என்கிற அடையாள அட்டை வைத்திருக்கிறாய், ஆகவே அரசை ஏற்றுக்கொண்டாய் என்றார். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1689-இல் சொன்ன வாதம்தான் இது. இதை மறுக்க மார்க்ஸ்கூட வேண்டாம். இடதுசாரியே அல்லாத ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748-இலேயே கேட்டுவிட்டார்: தூங்குகிறவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டு, 'கடலில் குதிக்கவில்லையே, அப்படியானால் கேப்டனுக்குக் கட்டுப்படச் சம்மதித்துவிட்டான்' என்று சொல்லலாமா?

தமிழகத்திலிருந்து மலாயாவுக்குக் கூலிவேலைக்கு வந்த நம் பாட்டன்மார் விழித்துக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். கைநாட்டும் வைத்தார்கள். ஒப்பந்தம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பினாங்கில் இறங்கித் தோட்டத்துக்குப் போன பிறகு, வேலையை விட்டு ஓடினால் ஜெயில். பசி வாங்கிக் கொடுத்த கைநாட்டு அது! 1910-இல் அந்த ஆள்பிடிப்பை நிறுத்தும் வரை, சட்டத்தின் கண்ணுக்கு அது சுதந்திரமான சம்மதம். சந்தையில் முதலாளியும் தொழிலாளியும் சமம். பேரம் முடிந்ததும் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி முன்னே போவான், மற்றவன் தயங்கித் தயங்கிப் பின்னே போவான் என்று மார்க்ஸ் 1867-இல் எழுதியது இதைத்தான்.

எதிரணி தத்துவவாதி ரூசோவையும் இழுத்தது. சரி. 1762-இல் 'சமூக ஒப்பந்தம்' என்ற நூலை எழுதிய அதே மனுஷன் 1755-இல் என்ன எழுதினார்? சொத்தைக் காக்க வழி தேடிய பணக்காரர்கள், 'எல்லோருக்கும் பாதுகாப்பு' என்று ஏழைகளை நம்பவைத்து அரசை உண்டாக்கினார்கள் என்றார். அந்தப் பக்கத்தை மட்டும் எதிரணி புரட்டவில்லை போலும்!

நம் மண்ணுக்கு வருவோம். 1947-இல் மலாய் அமைப்புகளின் கூட்டணியான புத்ராவும், பல இனத்தவரின் அமைப்புகள் சேர்ந்த ஏ.எம்.சி.ஜே.ஏ. கூட்டணியும் சேர்ந்து மக்கள் அரசியலமைப்புத் திட்டம் ஒன்றை வரைந்தன. மலாய்க்காரர், சீனர், இந்தியர், தொழிற்சங்கங்கள், ஏன், மலாயா இந்தியர் காங்கிரஸான அன்றைய ம.இ.கா.வும் அந்த அணியில் இருந்தது. அக்டோபர் 20-ஆம் தேதி ஹர்த்தால். மலாயா முழுக்கக் கடையடைப்பு. பிரிட்டிஷார் திரும்பிப் பார்த்தார்களா? 1948 பிப்ரவரி 1-ஆம் தேதி தாங்கள் பேசி முடித்த மலாயா கூட்டமைப்பு என்ற ஆட்சி ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஜூனில் அவசரகாலம். விசாரணை இல்லாமல் சிறை. மக்கள் எழுதி நீட்டிய ஒப்பந்தம் மேசையில் இருக்கும்போதே துப்பாக்கி வந்தது, நடுவர் அவர்களே.

'அரசே இல்லாவிட்டால் அடித்துக்கொள்வோமே' என்பார்கள். ஆஸ்பத்திரி நடத்த நிர்வாகம் வேண்டும்தான். வேண்டும் என்பதாலேயே நம்மைக் கேட்டுத்தான் அமைத்தார்கள் என்று ஆகிவிடுமா?

1957-இல் சுதந்திரம் வந்தபோது மக்களைக் கேட்டார்களே என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தில் ஐந்து பேர். அதில் ஒருவராவது மலாயாக்காரரா? நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் மேசையைத் தட்டலாம்.