ஜக்கை உடைத்தது தம்பி, அடி வாங்கியது நான்

(காட்சி: அடுக்குமாடி வீட்டின் கூடம். தரையில் கண்ணாடிச் சில்லுகள்.)

வணக்கம். மலேசியாவில் பினாங்கு, பிறையில் எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடியில் இருந்தது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. ஒரு மத்தியானம் அவன் வீட்டுக்குள்ளேயே தக்ரோ பந்தை உதைத்தான். தீபாவளிக்கு அத்தை கொடுத்த கண்ணாடி ஜக் விழுந்து நொறுங்கியது. அம்மா சமையலறையிலிருந்து வந்தார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ரோத்தானை, அதாவது பிரம்பை, எடுத்தார். மளிகைக் கடையில் கொத்தாகத் தொங்குமே, சிவப்பு பிளாஸ்டிக் கைப்பிடி போட்டது, அதேதான். "ம்மா, நான் இல்ல..." என்று தொடங்கினேன். "வாய மூடு. மூத்தவதானே நீ? பார்த்துக்க மாட்ட?" கெண்டைக்காலில் மூன்று அடி. தம்பி சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். அலுவலகத்தில் மேலாளர் "கொஞ்சம் உள்ளே வாங்க" என்றால் இன்றும் கை சில்லிட்டுப் போகிறது. என்ன விஷயம் என்று கேட்கும் முன்பே வாயில் "சாரி" வந்துவிடுகிறது. அந்த சாரி எங்கிருந்து வருகிறது? அதைப் பற்றித்தான் இந்த வீடியோ.

(காட்சி: கோட்டோவியம். பதினைந்து கோப்பைகள், ஒற்றைக் கோப்பை.)

1932இல் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே ஒரு புத்தகம் வெளியிட்டார். பிள்ளைகளிடம் அவர் சொன்ன கதை இது. சாப்பிடக் கூப்பிட்டார்களே என்று ஒரு பையன் கதவைத் திறக்கிறான். பின்னால் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. பதினைந்தும் உடைந்துவிடுகின்றன. இன்னொரு பையன் அம்மா இல்லாத நேரம் பார்த்து ஜாம் எடுக்க ஏறுகிறான், ஒரு கோப்பை உடைகிறது. யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகளில் பலர் பதினைந்தை உடைத்தவனைச் சொன்னார்கள். வளர வளர, நோக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். இதில் பெரியவர்களுக்கும் பங்கு உண்டு என்றார் பியாஜே. சேதத்தின் அளவைப் பார்த்துத்தானே நாம் திட்டுகிறோம்? அதைப் பார்க்கிற பிள்ளையும் அப்படியே கணக்குப் போடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கும் ஒரு படி மேல். நோக்கத்தை விடுங்கள், யார் செய்தது என்றுகூட யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வது எதற்கும் உதவாது என்று அன்றைக்கு நான் கற்றுக்கொண்டேன். ஜக்கைப் பற்றி எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் 1960களிலிருந்து இதைத்தான், கண்டிப்பிலிருந்து பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது என்பதைத்தான், ஆராய்ந்தார். பெற்றோர் கண்டிக்கிற விதத்தை அவர் மூன்றாகப் பிரித்தார். அடி, மிரட்டல் ஒரு விதம். "இனிமே உன்கூட பேச மாட்டேன்" என்று அன்பைப் பிடித்து வைப்பது இன்னொன்று. மூன்றாவது, எடுத்துச் சொல்வது: "நீ தள்ளினதாலதான் அவன் முட்டி தேய்ஞ்சிருக்கு, வந்து பாரு." அடிக்குப் பயந்த பிள்ளையின் கவனமெல்லாம் தன் உடம்பின் மேல். எடுத்துச் சொல்லப்பட்ட பிள்ளை அடுத்தவன் முட்டியைப் பார்க்கிறது. மனசாட்சி என்று நாம் சொல்வது அந்தப் பார்வையிலிருந்து வளர்கிறது என்பது ஹாஃப்மனின் வாதம்.

சரி, எல்லாமே வளர்ப்புதானா? இல்லை. பிறவிக் குணம், பள்ளிக்கூடம், நண்பர்கள் எல்லாம் சேர்கின்றன. ஒரே வீட்டில் வளர்ந்தும் நானும் தம்பியும் ஒரே மாதிரி இல்லை.

(காட்சி: இரண்டு குழந்தைகள், நடுவில் மிட்டாய்.)

2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. இந்தியா, உகாண்டா, கனடா உட்பட ஏழு நாடுகளில், இரண்டு இரண்டு பிள்ளைகளாக உட்கார வைத்து மிட்டாயைச் சமமில்லாமல் பங்கு வைத்தார்கள். இருவரில் ஒரு பிள்ளை வேண்டாம் என்றால் இருவருக்குமே கிடைக்காது. தனக்குக் குறைவு என்றால் மறுக்கிற பிள்ளைகள் ஏழு நாடுகளிலும் இருந்தார்கள். தனக்கு அதிகம் என்றாலும் மறுத்தது மூன்று நாடுகளில் மட்டும், அதுவும் வயது கூடிய பிள்ளைகள்தான். இதில் என் கருத்தைச் சொல்கிறேன்: தனக்கு அநியாயம் நடந்தால் பிள்ளைக்குத் தானாகத் தெரிகிறது. அடுத்தவருக்கு நடப்பதைக் காண வீட்டில் யாராவது பழக்க வேண்டியிருக்கிறது. சோபாவுக்குப் பின்னால் நின்ற தம்பியை யாரும் அப்படிப் பழக்கவில்லை. அவனுக்கும் அது இழப்புதான்.

இரண்டு வருடம் முன்பு அம்மாவிடம் கேட்டேன். "தெரியும்டி, அவன்தான் உடைச்சான்னு. உங்கப்பா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு தூங்கிட்டு இருந்தாரு. எழுந்தா ரெண்டு பேருக்கும் விழும்." அப்புறம் ரப்பர் தோட்டத்துக் கதை வந்தது. விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு; தாமதமாகப் போனால் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், பேரை வெட்டிவிடுவார், அன்றைய சம்பளம் போச்சு. ஏன் தாமதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பால் மரம் வெட்டிய என் பாட்டிக்குக் காரணம் சொல்லிப் பழக்கமே இல்லை. அம்மா அவரிடம் வளர்ந்தார்.

அமெரிக்க உளவியலாளர் மேரி மெயினும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1980களில் பெற்றோர்களிடம் அவரவர் பால்யத்தைப் பற்றிக் கேட்டார்கள். கஷ்டப்பட்டு வளர்ந்தவராக இருந்தாலும், நடந்ததை மறைக்காமல் கோர்வையாகச் சொல்ல முடிந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அவர்களிடம் பாதுகாப்பு உணர்வோடு ஒட்டுதலாக இருந்தார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். பால்யத்தை மாற்ற முடியாது, ஆனால் உட்கார்ந்து பேச முடியும்.

என் வீட்டில் ரோத்தான் இல்லை. ஏதாவது உடைந்தால் "என்ன நடந்துச்சு?" என்று பிள்ளைகள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்பது வழக்கம். எல்லா நாளும் முடிவதில்லை. போன வாரம் வேலை முடிந்து களைப்பாக வந்தேன், தரையெல்லாம் மைலோ. கத்தத் தொடங்கிவிட்டேன். மகள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "ம்மா, நீங்க இன்னும் கேக்கவே இல்ல."

கேட்டேன்.