இட்லியை வேகவைப்பது எளிது, தட்டிலிருந்து எடுப்பதுதான் பாடு: உங்கள் உடலுக்குள் சுழலும் நொதி

[திரை: கறுப்புப் பின்னணியில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது]

இதை நன்றாகப் பாருங்கள். 1997-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் நுண்ணோக்கி வழியே கண்ட காட்சி இது. அந்தக் கோட்டைச் சுழற்றுவது ஒரே ஒரு நொதி மூலக்கூறு. அதே வகை நொதி, இந்த வீடியோவை நிறுத்தலாமா என்று யோசிக்கும் உங்கள் மூளையிலும் இந்த நொடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிறுத்தாதீர்கள், இட்லி வரப்போகிறது.

வணக்கம். இன்றைய நாயகன் ஏ.டி.பி. சிந்தேஸ். ஏ.டி.பி. என்பது செல்கள் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் சில்லறைக் காசு போன்ற மூலக்கூறு; அதை உருவாக்கும் நொதிதான் இது. பள்ளிப் பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுவோம்: தின்ற சோறு குளுக்கோஸாகி, பல நொதிகளிடம் கைமாறி, அதன் எலக்ட்ரான்கள் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன, அந்த ஆற்றலைக் கொண்டு செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே புரோட்டான்கள் இறைக்கப்படுகின்றன. கிரெப்ஸ் சுழற்சியைத் தாண்டிக் குதித்துவிட்டேன். பிளஸ் டூ மாணவர்கள் மன்னிக்க வேண்டும்.

இறைத்த புரோட்டான்கள் உள்ளே திரும்பத் துடிக்கின்றன. சவ்வின் இரு பக்கத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 0.15 வோல்ட். பேனா பேட்டரியில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர்! கணக்குப் போட்டால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட். காற்றில் மின்பொறி பறக்க ஏறத்தாழ 30 லட்சம் போதும். இந்த அழுத்தம்தான் நொதியை ஓட்டுகிறது என்று பிரிட்டனின் பீட்டர் மிட்செல் 1961-இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் நோபல் பரிசு வந்தது.

சரி, இயந்திரத்தைப் பிரிப்போம். வீட்டில் ஆட்டுக்கல் பார்த்திருக்கிறீர்களா? கல் அசையாது, நடுவில் குழவி மட்டும் சுற்றும். இதுவும் அப்படித்தான். சவ்வுக்குள் ஒரு வளையம். புரோட்டான்கள் நுழைய நுழைய அது சுற்றும். வளையத்தோடு சேர்ந்து ஒரு கோணல் தண்டு சுற்றும். அதுதான் குழவி. தண்டின் மேல்பகுதியைச் சுற்றி ஆறு சுளைகள் கொண்ட தலை. அது கூடவே சுற்றிவிடாதபடி பக்கவாட்டில் ஒரு கம்பி பிடித்திருக்கிறது. ஆறில் மூன்று சுளைகளில்தான் வேலை நடக்கிறது.

இங்கே ஒரு சங்கடம். மூன்று பாஸ்பேட் உள்ளது ஏ.டி.பி.; இரண்டு மட்டும் உள்ளதற்கும் தமிழ் எழுத்தில் அதே இனிஷியல்தான்! அதனால் இரண்டு பாஸ்பேட்காரரைத் தம்பி என்று அழைக்கிறேன். தம்பியோடு ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்தால் ஏ.டி.பி.

இப்போது இட்லி.

[திரை: ஆவி பறக்கும் இட்லித்தட்டு]

ஆற்றல் எதற்குச் செலவாகிறது? தம்பியையும் பாஸ்பேட்டையும் ஒட்டுவதற்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவின் பால் போயர் 1970-களில் சொன்னது வேறு: சுளையின் இறுக்கமான பிடிக்குள் இருவரும் ஏறக்குறைய தாமாகவே சேர்ந்துவிடுகிறார்கள். உருவான ஏ.டி.பி. வெளியே வர மறுப்பதுதான் பிரச்சினை. குழியில் மாவு தானாக வெந்து இட்லியாகிவிடும். நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. எடுக்கும்போதுதான் பாடு. தண்ணீர் தெளித்து, ஸ்பூனை விளிம்பில் செருகி, ஒரு சுற்றுச் சுற்றினால்தான் பிய்யாமல் வரும். அந்த ஸ்பூன்தான் கோணல் தண்டு. அது திரும்பும்போது மூன்று சுளைகளில் ஒன்று வாய் திறந்து ஏ.டி.பி.யைத் தள்ளுகிறது, அடுத்தது மூலப்பொருளை லேசாகப் பிடிக்கிறது, மூன்றாவது இறுக்கி வேகவைக்கிறது. பிறகு முறை மாறுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. என் பாட்டிக்கு இதைச் சொல்லியிருந்தால் நோபல் குழுவுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருப்பார்.

பிரிட்டனின் ஜான் வாக்கர் குழு, மாட்டு இதயத்திலிருந்து எடுத்த இந்த நொதியின் தலையின் வடிவத்தை 1994-இல் வெளியிட்டது. மூன்று சுளைகளும் மூன்று நிலையில் இருந்தன. 1997-இல் போயர், வாக்கர் இருவருக்கும் நோபல்.

அதே ஆண்டில்தான் நாம் தொடக்கத்தில் பார்த்த காட்சியும். நோஜி, யசுதா, யோஷிதா, கினோஷிதா ஆகியோர் தலையைக் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டி, தண்டின் நுனியில் ஆக்டின் என்ற புரதத்தின் ஒளிரும் இழையைக் கட்டினார்கள். தலை 10 நானோமீட்டர். இழை அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் நீளம். ஓர் அடி ஆட்டுக்கல்லின் குழவியில் நூறு அடி மூங்கிலைக் கட்டித் தண்ணீருக்குள் சுற்றுவது போல. ஏ.டி.பி.யைத் தீனியாகக் கொடுத்தார்கள். நொதி பின்னோக்கி ஓடி அந்த மூங்கிலையும் சுழற்றியது!

2004-இல் இவர்களும் அடங்கிய ஒரு ஜப்பானியக் குழு தண்டில் காந்த மணியைக் கட்டி, எதிர்த்திசையில் தானே சுற்றிவிட்டது. ஏ.டி.பி. உருவானது. கண்டுபிடித்தது எப்படித் தெரியுமா? ஏ.டி.பி. கிடைத்தால் ஒளிரவைக்கும் மின்மினிப்பூச்சியின் நொதியைக் கலந்து, ஒளி வருகிறதா என்று பார்த்தார்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். லைக் போட வேண்டுமென்றால் இங்கே போடுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு, உங்களுக்கு. சவ்விலுள்ள வளையம் மாட்டு இதயத்தில் 8 துண்டுகளால் ஆனது. ஈஸ்டில் 10. பாலக் கீரையின் பசுங்கணிகத்தில் 14. ஒரு துண்டுக்கு ஒரு புரோட்டான். ஒரு சுற்றுக்கு எல்லோருக்கும் மூன்றே ஏ.டி.பி. அப்படியென்றால் மாட்டுக்கு ஓர் ஏ.டி.பி.யின் விலை மூன்று புரோட்டானுக்கும் குறைவு, கீரைக்கு ஏறக்குறைய ஐந்து. கீரை ஏன் இத்தனை ஊதாரி? உங்கள் ஊகத்தைக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.