கிழங்கு காட்டில் இருக்கும்போதே பேசுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போடும் விவசாயிகள், அதிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்துச் சேகோ ஆலைக்காரர்கள், இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

கிழங்கு விலை இறங்கினால் விவசாயி, ஆலை, அரசு மூவரும் உட்காரும் முத்தரப்புக் கூட்டம் கேட்கிறோம். சரி, கூட்டம் வேண்டியதுதான். ஆனால் அது கூடுவதற்குள் பலர் கிழங்கை லாரியில் ஏற்றிவிட்டிருப்பார்கள். பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு விழுந்து கெடத் தொடங்கும். நெல்லைப் போல மூட்டை கட்டி வைத்து விலை பார்க்க முடியாது. ஆலை வாசலில் லாரி நின்றபின் பேரம் ஏது? மண்ணுக்குள் இருக்கும்வரை கதை வேறு. பத்து மாதக் கிழங்கை இன்னும் சில வாரம் விட்டுவைக்கலாம். மழை பெய்து செடி புதுசாகத் துளிர்த்தால்தான் மாவுச்சத்து குறையும்.

முன்கூட்டியே பேசுவதில் ஆலைக்கும் ஆதாயம் உண்டு. வெயில் களத்தை நம்பி ஜவ்வரிசி காயவைப்பவர்கள், வானம் மூடிய வாரத்தில் எல்லோரும் ஒரேயடியாகப் பிடுங்கி வந்தால் என்ன செய்வார்கள்? அப்புறம் சீசன் கடைசியில் கிழங்கில்லாமல் மெஷின் நிற்கும். கரும்பை எப்போது வெட்டலாம் என்று சர்க்கரை ஆலை கொடுக்கும் வெட்டு உத்தரவு இருக்கிறதே, அதுபோல எந்த ஊர் எந்த வாரம் என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பாயிண்ட், அதாவது கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்ற அளவு. கிழங்கை வெளியே ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை போட்டு மாவுச்சத்தைக் கணக்கிடுகிறார்கள். மாவு கூடுதலாக இருந்தால் தண்ணீருக்குள்ளும் எடை கூடுதலாகக் காட்டும். முறையில் குறை இல்லை. ஆனால் தராசு ஆலைக்குள் இருக்கிறது, குவியலில் எந்தக் கிழங்கை எடுப்பது என்பதும் ஆலைக்காரர் கையில். விவசாயி சந்தேகப்படாமல் என்ன செய்வார்! அதே தராசும் ஒரு தொட்டித் தண்ணீரும் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தால், முன்கூட்டியே நாலு செடி தோண்டிப் பார்த்துவிடலாம். பாயிண்ட் குறைவா, இருபது நாள் பொறுக்கலாம்.

ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் பதிவாகி, சேலத்தில் இயங்குகிறது. வடமாநிலத்தார் விரதத்துக்கு வாங்கும் ஜவ்வரிசி அங்கே என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு கிழங்கு விலையைப் பேசுங்கள்.

இந்த வருடம் நடவு போட்டவர்கள் பயிருக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே ஆலைக்குப் போய் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். லாரி வாடகை யார் தலையில் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பாதித் தகராறு அங்கேதான் கிளம்புகிறது. நன்றி.