கம்பளம் போடுகிற மலை

வணக்கம் நேயர்களே. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை 2022-இல் வாங்கிய நஞ்சியம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். இருளர் குடியைச் சேர்ந்தவர், ஊர் கேரளத்தில் இருக்கிற அட்டப்பாடி. கோயமுத்தூரிலிருந்து ஆனைகட்டி சோதனைச்சாவடி தாண்டினால் எங்கள் மலை. எங்கள் வீட்டார் பருத்தியும் கடலையும் போட வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். இருளர், முடுகர், குறும்பர் என்கிற பழங்குடிகள் மூவரும் எங்களுக்கு வெகுகாலம் முன்பே அந்த மண்ணில் இருக்கிறவர்கள்.

அவர்கள் கொண்டாடுவதில் எனக்குப் பிடித்தது கம்பளம் என்கிற விதைப்புத் திருவிழா. கோடை மழை பெய்து காடு, அதாவது விதைக்கிற நிலம், பதமானால்தான் கம்பளம். காலண்டரைப் பார்த்து வருவதில்லை. ஒவ்வோர் ஊருக்கும் தலைவராக மூப்பன் உண்டு, கணக்குவழக்குக்கு வண்டாரி, உதவிக்குக் குறுதலை. விவசாயத்துக்கென்றே ஒருவர், மண்ணுக்காரன். பூசை செய்து அவர் முதல் விதை போட்ட பிறகுதான் மற்றவர் கை விதைக்கூடைக்குள் போகும்.

அப்புறம் கொட்டு. தோல் தளர்ந்திருந்தால் தீ மூட்டிப் பக்கத்தில் காட்டி முறுக்கேற்றுவார்கள். விரலால் தட்டிப் பார்ப்பார்கள். போதாது, மறுபடி தீ. சத்தம் சரியாக விழுந்ததும் பெரை என்கிற கொட்டும் தவிலும் சேர, மேலே கொகல் என்கிற குழல் இழுக்கும். ராகி, சாமை, தினை, துவரை எல்லாம் வீசப்பட்ட நிலத்தில் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, கொட்டுக்குத் தக்கபடி கொத்திக்கொண்டே முன்னேறுவார்கள். கொட்டு வேகமெடுத்தால் கொத்தும் வேகமெடுக்கும். பாட்டு, ஆட்டம், கேலி, வேலை எல்லாம் ஒன்றாகவே நடக்கும். ஒரு வீட்டுக் காட்டை ஊரே சேர்ந்து முடித்துக் கொடுக்கிற ஏற்பாடு இது. கூலி என்ற பேச்சே கிடையாது.

காடு இருந்தால்தானே கம்பளம்? நிலம் கைமாறிப் போயிற்று. எங்களைப் போல வந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975-இல் கேரளத்தில் சட்டமே வந்தது. வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ரேஷன் அரிசி வந்த பிறகு சாமைச் சோறும் ராகிக் களியும் அடுப்பை விட்டு இறங்கின. 2013-இல் இங்கே கைக்குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்த செய்தி நாடு முழுக்கப் போனது. 2017-இல் அரசு சிறுதானியக் கிராமத் திட்டம் தொடங்கியது. சில காடுகளில் மறுபடி தினை ஆடுகிறது.

2025 சனவரியில் நடந்த கேரளப் பள்ளிக் கலைவிழாவில் இருளர் ஆட்டமும் போட்டியாகச் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு அது பெருமைதான். ஆனால் மேடையில் கொத்துவதற்கு மண் இல்லையே! கம்பளத்தைக் காக்க வேண்டுமானால் முதலில் விதைக்க ஒரு துண்டுக் காடு வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இனி மாசி மாதச் சிவராத்திரி. பவானிக் கரையில் செம்மண்ணூர், அங்கே மல்லீசுவரன் கோயில். எதிரே எழுந்து நிற்கிற மல்லீசுவரன் முடி என்கிற சிகரத்தையே இம்மக்கள் சிவனாகக் கும்பிடுகிறார்கள். அன்றைக்கு விரதமிருக்கும் முடுகர்கள் மலையேறி உச்சியில் விளக்கேற்றுவார்கள். கீழே கூடியிருக்கிற கூட்டம் அந்த வெளிச்சப் புள்ளிக்காக அண்ணாந்தபடி காத்திருக்கும். தெரிந்த நொடியில் கொட்டு முழங்கும், வட்டம் கட்டி ஆட்டம் தொடங்கும்.

போக நினைப்பவர்கள் தாராளமாக வாருங்கள். ஆற்றங்கரையில் நின்று பாருங்கள், கும்பிடுங்கள். மலையேறுவது மட்டும் முடுகர்களின் உரிமை. அவர்கள் பின்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஆட்டத்தில் சேரச் சொன்னால் சேருங்கள், அதற்குத் தடையில்லை. பவானிக் கரையில் பிளாஸ்டிக் பாட்டில்களைப் போட்டுவிட்டும் வராதீர்கள். வணக்கம்.