முள் காட்டாத சூடு

வணக்கம் நேயர்களே. டிசம்பர் மாதக் காலை. பெங்களூர் அல்சூரிலிருந்து காரை எடுக்கிறீர்கள். ஐந்தாறு நிமிடத்தில் டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிடுகிறது. சரி, இன்ஜின் சூடாகிவிட்டது என்று ஆக்சிலரேட்டரை அழுத்துகிறோம். ஆனால் அந்த முள் காட்டுவது கூலன்ட்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவத்தின் சூட்டை. இன்ஜினுக்கு அடியில் சம்ப் என்ற தொட்டியில் கிடக்கும் ஆயில் அப்போது முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. அது சூடேறக் கூலன்ட்டைவிட ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் பிடிக்கும்.

இதனால் என்ன என்று கேட்கலாம். 5டபிள்யூ-30 என்ற கிரேடு ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேடு என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் குறியீடு. 100 டிகிரியில் அதன் பிசுப்பு, அதாவது ஓடவிடாத கெட்டித்தன்மை, சுமார் 10 சென்டிஸ்டோக்ஸ் (பிசுப்பை அளக்கும் அலகு). 40 டிகிரியில் 60-ஐ ஒட்டி இருக்கும். பெங்களூரின் 15 டிகிரி குளிரிலோ, 100 டிகிரியில் இருப்பதைப் போல 15 மடங்குக்கும் மேல். அந்தக் கெட்டி ஆயிலைப் பம்ப் தள்ள வேண்டும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் அதற்குள் சுழல வேண்டும். அந்த இழுவைக்கான செலவு பெட்ரோலில்தான் போகிறது.

அப்படியானால் ஆயில் எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவு நல்லதா? அதுவும் இல்லை. தண்டைத் தாங்கும் பேரிங்கில் சுழலும் ஷாஃப்ட், தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் அதன் வேகம் ஒரு கணம் பூஜ்யம். அங்கே படலம் மெலிந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டர் சுவரும் உரசப் பார்க்கும். வேகம், பளு, பிசுப்பு மூன்றும் சேர்ந்துதான் உராய்வைத் தீர்மானிக்கின்றன என்பதை ஜெர்மானியப் பொறியாளர் ஸ்ட்ரிபெக் 1902-லேயே சோதனைகளில் காட்டிவிட்டார். கெட்டியானால் இழுவை, அளவுக்கு மீறி நீர்த்தால் தேய்மானம். இன்ஜினை வடிவமைப்பவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் கணக்கிட்டுத்தான் கிரேடைச் சொல்கிறார்கள். அதனால், "கெட்டி ஆயில் போடுங்க சார், இன்ஜினுக்கு நல்லது" என்று யாராவது சொன்னால், முதலில் கார் கையேட்டைப் புரட்டுங்கள். நீர்த்த 0டபிள்யூ-20 கேட்கும் புது இன்ஜினில் மிகக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவது அதற்குச் செய்யும் உபகாரம் அல்ல.

நம் ஊரில் எனக்குப் பெரிய கவலை குட்டிப் பயணங்கள்தான். பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவது, சிவாஜி நகர் மார்க்கெட் வரை போய் வருவது. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. குளிர்ந்த இன்ஜினில் அது நீராகி ஆயிலில் கலக்கும், எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் இரண்டும் ஆவியாகி வெளியேறும். இப்படியே ஓடும் காரில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கத்தில் பால் கலந்த காபி நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருக்கலாம். ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரி வரை ஒரு நாள் நிதானமாக ஓட்டி வருவது அந்த ஆயிலுக்கு நல்ல மருந்து.

ஸ்டார்ட் செய்ததும் நெடுநேரம் நிறுத்திவைத்துச் சூடேற்ற வேண்டாம். அரை நிமிடம் போதும், கிளம்பிவிடுங்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் இன்ஜினை அலற விடாமல் ஓட்டுங்கள். அப்புறம், கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கையேட்டில் மாதக் கணக்கும் இருக்கும், கடினமான பயன்பாட்டுக்குக் குறுகிய கெடுவும் இருக்கும். குட்டிப் பயணம் அந்த வகையில்தான் சேரும். சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால், அந்த வாரமே ஆயிலை மாற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.